ஜாய்ஸ்டிக் ஸ்விட்ச் கோளாறுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வீடியோ கேம் ஆட்டத்தில் எதுவும் நகரவில்லை. வலப்பக்கம் இருந்த மைக்ரோ ஸ்விட்சை மாற்றியும் சரியாகவில்லை சார். ஏன்?

பதில்: நீங்கள் கழற்றியது பெரும்பாலும் நல்ல ஸ்விட்சாகத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டு நடுவில் ஓர் அச்சில் ஆடுகிறது. மேலே பிடியை வலப்பக்கம் தள்ளினால் கீழ்முனை இடப்பக்கம் போய் அங்கிருக்கும் ஸ்விட்சை அழுத்தும். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் இடம் வலம் இன்னும் குழம்பும். மூடியைத் திறந்து வைத்து, பிடியை மெதுவாகத் தள்ளி, எது 'டிக்' என்கிறதோ அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் திசையை எழுதிவிடுங்கள்.

கேள்வி: 'டிக்' சத்தம் நன்றாகவே கேட்கிறது. அப்படியானால் ஸ்விட்ச் நல்லதுதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அந்தச் சத்தம் உள்ளே ஸ்பிரிங் தகடு துள்ளுவதால் வருவது. கரன்ட் போகிறதா என்பதை மல்டிமீட்டர்தான் சொல்லும். இணைப்பைத் துண்டித்து, ஸ்விட்சிலிருந்து ஒயர்களையும் உருவிவிடுங்கள். மீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முனையைக் காமனிலும் (பொது முனை) மற்றதை என்.ஓ. டெர்மினலிலும் (அழுத்தினால் மட்டும் காமனோடு இணையும் முனை) வையுங்கள். அழுத்தினால் பீப் வரவேண்டும், விட்டதும் நிற்கவேண்டும். ஒரு தடவை பார்த்ததோடு விடாமல் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், சில சமயம் மெதுவாகவும். பிறகு ஓம் நிலைக்கு மாற்றுங்கள். நல்ல ஸ்விட்சில் எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். அழுத்தும்போதெல்லாம் எண் தாவினால் உள்ளே தொடுமுனை கறுத்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: தொடுமுனை ஏன் கறுக்கிறது? என்னுடையது அதிகம் விளையாடாமல் சும்மா கிடந்த பெட்டி.

பதில்: சும்மா கிடந்ததும் ஒரு காரணம். சாதாரண ஸ்விட்சில் தொடுமுனை வெள்ளிக் கலவை. காற்றில் உள்ள கந்தகம் பட்டு அதன் மேல் ஒரு கறுப்புப் படலம் படியும். மோட்டாரையோ ஹீட்டரையோ இயக்கும் ஸ்விட்சில், தொடும்போது எழும் சிறு பொறி அந்தப் படலத்தை எரித்துவிடும். ஜாய்ஸ்டிக்கில் ஓடுவதோ 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட், அதுவும் மிகச் சிறிய கரன்ட். படலத்தைத் துளைக்க அது போதாது. அதனால்தான் மாற்று ஸ்விட்ச் வாங்கும்போது 16 ஆம்பியர் என்று பெரிய எண் போட்டதைத் தேடாதீர்கள் என்கிறேன். 0.1 ஆம்பியர் என்று குறித்த, தங்கமுலாம் பூசிய தொடுமுனை உள்ள வகைதான் இந்த வேலைக்கு ஏற்றது. வாங்குவதற்கு முன் டெர்மினல் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 4.8 மி.மீ., 6.3 மி.மீ. இரண்டும் புழக்கத்தில் உண்டு. ஒயர் நுனியில் இருக்கும் லக் (டெர்மினலில் செருகும் உலோகப் பிடி) பொருந்தாவிட்டால் வேலை அப்படியே நின்றுபோகும்.

கேள்வி: எண்ணெய் ஸ்பிரே அடித்தால் போதாதா?

பதில்: வேண்டாம். தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, எனக்கு இடமும் கீழும் ஒன்றாகப் போய்விட்டன. இரண்டு ஸ்விட்ச் ஒரே நாளில் கெடுமா?

பதில்: கெடுவது அபூர்வம். எல்லா ஸ்விட்சுக்கும் பொதுவான கிரவுண்டு ஒயர் ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போகிறது இல்லையா, நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்கப்புறம் உள்ளவை எல்லாம் செத்துவிடும். ஒவ்வொரு லக்கையும் லேசாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருப்பதை நோஸ் பிளையரால் கொஞ்சம் நெரித்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

கேள்வி: புதிதாக மாற்றிய பிறகு, கையை வைக்காமலே மேலே மேலே போகிறது.

பதில்: ஒயரை என்.சி.யில் (அழுத்தாதபோதே இணைந்திருக்கும் முனை) செருகியிருக்கிறீர்கள். என்.ஓ.வுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: நான்கு திசையும் சரி, ஆனால் மூலைத்திசை மட்டும் வரமாட்டேன் என்கிறது.

பதில்: அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டைப் பாருங்கள். நான்கு திசை நிலையில் இருந்தால் மூலைக்குப் போகவே விடாது. பல மாடல்களில் அதைத் திருப்பி வைத்தாலே எட்டுத் திசையும் வந்துவிடும். அது சரியாக இருந்தால் தண்டின் கீழ்முனையில் உள்ள பிளாஸ்டிக் உருளை தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றலாம், ஸ்விட்சைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: என்னுடையது சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். மாடல் ஜாய்ஸ்டிக். நான்கு ஸ்விட்சும் ஒரே போர்டில் சால்டர் செய்திருக்கிறது. ஒன்று மட்டும் போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் போர்டையே முழுதாக மாற்றுங்கள்; ஐந்து ஒயர் கனெக்டரை உருவிச் செருகுவதுதான் வேலை. போர்டை எடுக்க அடியில் உள்ள தடுப்புத் தகட்டைக் கழற்றவேண்டும். பழக்கம் உண்டு என்றால், பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டு உருக்கி, பிறகு பம்பால் உறிஞ்சுங்கள். கால்கள் தானாக ஆடும்வரை ஸ்விட்சை இழுக்காதீர்கள். அவசரப்பட்டால் செம்புத் தடம் போர்டிலிருந்து உரிந்து வந்துவிடும். என் அபிப்பிராயம், சால்டரிங் அயர்னைப் பிடித்தாயிற்று என்றால் நான்கையும் மாற்றிவிடுவது. ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அந்தத் திசையில் அழுத்தம் வேறு மாதிரி இருப்பது கைக்குத் தெரியும். கழற்றிய நல்ல மூன்றையும் மீட்டரில் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.