வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், தாத்தா முதல் பேரன் வரை ஐந்து பேர் அதில் உட்காருகிறார்கள், வைரஸும் மோசடியும் அண்டாமல் இருக்க எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். பதினாறு வருடமாக இதே வேலை. காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஆன்டிவைரஸைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஏன் இந்த வரிசை என்பது என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

அக்காவைக் குடியாத்தத்தில் கொடுத்திருக்கிறோம். 2020 ஊரடங்கு சமயம், அக்கா பையனுக்கு ஆன்லைன் வகுப்பு. ஒருநாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள். "இன்னாடா தம்பி, கம்ப்யூட்டர்ல போட்டோ ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது. எல்லாம் வெள்ளையா நிக்குது." பையனிடம் கொடுக்கச் சொன்னேன். "நான் ஒண்ணும் பண்ணல மாமா. விண்டோஸ் அப்டேட் ஓடுச்சு, முடியட்டும்னு விட்டுட்டேன்" என்றான். நெட் இணைப்பைப் பிடுங்கி, கம்ப்யூட்டரையும் அணைத்துவிடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், 'அப்பா 60' என்ற ஃபோல்டரில் இருந்த படங்கள் அத்தனையும் வெள்ளைத் தாள் ஐகானாக மாறியிருந்தன. ஒவ்வொரு பெயரின் வாலிலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ரத்தினகிரி முருகன் கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செய்துவைத்த அறுபதாம் கல்யாணப் படங்கள் அவை. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு கடிதம். ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். பள்ளிக்கு ஒரு போஸ்டர் செய்யப் பையனுக்குப் படம் வெட்டி ஒட்டும் மென்பொருள் தேவைப்பட்டது. விலை கொடுத்து வாங்க வேண்டியதை 'கிராக்', அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு நகல், என்று தேடி ஒரு தளத்தில் பிடித்திருக்கிறான். இறக்கும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் தவறாக வைரஸ் என்று காட்டும் என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருந்தது. அணைத்துவிட்டான். கூடவே வந்தது 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவு' என்றும் சொல்லப்படும் ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். ஃபைல்களைப் பூட்டும் நேரத்தில் டிஸ்க் இரைவதைப் பார்த்து யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகவே அது ஒரு பொய்யான விண்டோஸ் அப்டேட் ஜன்னலைத் திரையில் காட்டும். பையன் நம்பியதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானே அந்த இடத்தில் இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம் நம்பியிருப்பேன்.

என் வயிறு கலங்கியது வேறொன்றைப் பார்த்தபோதுதான். அந்தப் படங்களின் நகலை ஒரு பென்டிரைவில் நானே போட்டுக் கொடுத்திருந்தேன். அக்கா அதைத் தொலைந்துவிடக் கூடாது என்று சிபியு பின்னாலேயே செருகி வைத்திருந்தாள். செருகியிருக்கும் எல்லா டிரைவிலும் அது நுழையும். நகலும் போய்விட்டது.

நியூசிலாந்தைச் சேர்ந்த எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இந்த ரேன்சம்வேருக்கு 2019 அக்டோபரில் ஒரு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பூட்டும் நேரத்தில் வைரஸுக்குத் தன் சர்வர் கிடைக்காமல் போனால், தன்னிடம் உள்ள, பலருக்கும் பொதுவான ஒரே சாவியாலேயே பூட்டும். அந்தச் சாவி யார் மூலமாவது வெளியே வந்திருந்தால் கருவி திறந்துவிடும். அக்கா வீட்டில் நெட் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கென்றே தனிச் சாவி. கருவி கைவிரித்துவிட்டது. பணம் கட்டலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டினால் சாவி வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை, கட்டுகிறவர்கள் இருப்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

கொஞ்சம் மீட்டோம். இந்த வைரஸ் அவசரக்காரன். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். படங்களுக்கு அதுவே போதும். ஆனால் பெரிய வீடியோக்களில் மீதி அப்படியே இருக்கும். இரண்டு நீளமான வீடியோவை ஒரு பழுதுபார்க்கும் மென்பொருளால் சரிசெய்ய முடிந்தது. அப்பா மாலையோடு திரும்பிப் பார்த்து யாரையோ கூப்பிடும் இடம் அதில் இருக்கிறது. படங்களுக்கு ஆரணி சித்தி, வாலாஜா பெரியப்பா என்று ஒவ்வொருவர் போனிலும் வாட்ஸ்அப்பில் போயிருந்த நகல்களைத் தேடி வாங்கினோம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கினால் அப்பா முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

அதனால்தான் முதலில் ஹார்ட் டிஸ்க் என்கிறேன். ஒரு டிபி போதும். செருகு, நகலெடு, பிடுங்கி பீரோவில் வை. இந்த மூன்றாவது வேலைதான் முக்கியம். அக்கா இப்போது அமாவாசைக்கு அமாவாசை இதைச் செய்கிறாள். படையல் முடிந்ததும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், நாள் மறப்பதே இல்லை. இன்னொரு நகல் என் வீட்டில் இருக்கிறது. ஒரு வீட்டில் திருடு போனாலும் மழைத் தண்ணீர் புகுந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

அடுத்தது கிராக். என் கடைக்கு வரும் வைரஸ் கேஸ்களில் பாதிக்குமேல் இதில்தான் தொடங்குகின்றன. விண்டோஸை ஆக்டிவேட் செய்கிறேன் என்று ஒரு சின்ன ஃபைல், விளையாட்டு ஒன்று, டிடிபி மென்பொருள் ஒன்று. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதிக் கவலை தீரும். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபிஸ் இருக்கிறது, படம் திருத்த கிம்ப் இருக்கிறது, இரண்டும் இலவசம். தமிழ் தட்டச்சுக்காகக் கண்ட தளத்தில் எழுத்துருவும் கீபோர்டு மென்பொருளும் இறக்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம். இப்போதுள்ள விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும், எதையும் இறக்க வேண்டாம்.

பென்டிரைவ். வேலூர் ஆற்காடு சாலையில் சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைகளைப் பாருங்கள். வங்காளம், அசாம், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரயில் டிக்கெட்டையும் பிரிண்ட் எடுக்க வரிசையில் நிற்பார்கள். ஒரே கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பென்டிரைவ் ஏறி இறங்கும்! கடைக்காரர் நல்லவராகவே இருந்தாலும் ஒருவர் கொண்டுவந்தது இன்னொருவருக்குப் போகத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து செருகினால் உங்கள் ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் இருக்கும், ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறியோடு. அதை இரண்டு தட்டு தட்டினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். உண்மையான ஃபோல்டரை அது மறைத்துத்தான் வைத்திருக்கும், அழித்திருக்காது. பதறி ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

கடைக்கென்று சின்ன பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிரிண்ட் எடுக்க வேண்டிய நகல் மட்டும் இருக்கட்டும். கூடவே, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் ஃபைல் பெயரின் வால் (எக்ஸ்டென்ஷன்) தெரியும்படி வைத்துவிடுங்கள். விண்டோஸ் அதை மறைத்தே தருகிறது. பெயர் 'பில் பிடிஎஃப்' என்று முடிவதுபோல் தெரியும், மறைந்திருக்கும் உண்மையான வால் 'இஎக்ஸ்இ' ஆக இருக்கும், அதாவது தட்டினால் ஓடும் மென்பொருள். வால் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்.

வயதானவர்களை அதிகம் பயமுறுத்துவது வேறு ஒன்று. சத்துவாச்சாரியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, அஞ்சு வைரஸ் புகுந்துடுச்சாம், பேங்க் விவரமெல்லாம் திருடு போகுதாம், நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்லுது." குரல் நடுங்கியது. போய்ப் பார்த்தால் வைரஸே இல்லை. ஏதோ ஒரு ஜோசியத் தளம் நோட்டிஃபிகேஷன் காட்டலாமா என்று கேட்டிருக்கிறது, 'அலவ்' அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து திரையின் வலது மூலையில் பொய் எச்சரிக்கையாக வந்து விழுந்திருக்கிறது. குரோமில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன். பட்டியலில் இருந்த தளங்களை எல்லாம் நீக்கினேன், இரண்டு நிமிடத்தில் அமைதி. எந்தத் தளமும் இனிமேல் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துவிடலாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. திரை முழுக்க நிறைத்துக்கொண்டு, மூட முடியாமல், சத்தம் போட்டபடி ஒரு போன் நம்பரைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே இல்லை. ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி கம்ப்யூட்டரையே கையில் எடுத்துக்கொள்வார்கள். தெரியாமல் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எது நடந்தாலும் யாரும் கோபப்பட மாட்டோம் என்று.

அப்டேட் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2017 மே 12 அன்று உலகத்தையே ஆட்டிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர் புகுந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே அடைத்திருந்தது. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் வழக்கமான அப்டேட் ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன். அரசு 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. அதைத் தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இரண்டு ஜிபி ராமிலும் இன்டர்நெட் பார்க்க, கடிதம் அடிக்கத் தாங்கும். பழைய விண்டோஸோடு நெட்டில் விடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஐந்து பேர் உட்காருகிறீர்கள் அல்லவா, அட்மின் கணக்கு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மற்ற நான்கு பேருக்கும் சாதாரண கணக்கு. எதை இன்ஸ்டால் செய்ய வேண்டுமானாலும் உங்கள் பாஸ்வேர்டு கேட்கும். வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டையும் ஒருமுறை மாற்றுங்கள், வரும்போது இருந்ததே இருக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட ஆன்டிவைரஸ். விண்டோஸ் 8 முதலே டிஃபெண்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம். என் வீட்டிலும் அதுதான். அதில் 'ரேன்சம்வேர் புரொடெக்ஷன்' என்ற இடத்தில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' என்று ஒன்று இருக்கும், அணைந்த நிலையிலேயே வரும். அதைப் போட்டுவிட்டால் தெரியாத மென்பொருள் எதுவும் உங்கள் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் கை வைக்க முடியாது. சில நேரம் நல்ல மென்பொருளையும் தடுக்கும், அப்போது அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவதில் தவறில்லை, ஒன்று போதும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராது.

ஏற்கெனவே ஏதாவது பூட்டிக்கொண்டிருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் அப்படியே வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு ஒரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள், இந்த மாதிரி வைரஸ்கள் பாஸ்வேர்டு திருடனையும் கூட அழைத்து வரும். 2016-ல் நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் எந்தெந்தப் பூட்டுக்குச் சாவி கிடைத்திருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம். அக்கா வீட்டு டிஸ்க் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. 'அப்பா 60', 412 படங்கள். தை மாதமும் ஆடி மாதமும் எடுத்து அந்த எம்சிசாஃப்ட் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.