அந்த ஆளுக்கு என்ன தண்டனை?

அன்புள்ள சார்,

வணக்கம். போன வாரம் 'ஸ்பாட்லைட்' படத்தை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். சிறுவர்களிடம் அத்துமீறிய பாதிரியார்களை பாஸ்டன் மறைமாவட்டம் வருடக்கணக்காகக் காப்பாற்றி வந்ததை ஒரு பத்திரிகைக் குழு வெளியே கொண்டுவரும் கதை. அதில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும் சந்திப்பு வரும். நிருபர்கள் கேள்வி கேட்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் விஷயத்தைச் சின்னதாக்கிப் பேசி நழுவப் பார்க்கிறார். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா, நிஜத்துல அந்த ஆளுக்கு என்ன தண்டனை கிடைச்சுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து இதே யோசனை. 'உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது' என்று போட்டுவிட்டு மோசடிகளையும் முறைகேடுகளையும் காட்டும் படங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்வளவு சதவீதம் உண்மை, மீதி கற்பனை என்று ஏதாவது கணக்கு உண்டா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் ஒரு கல்லூரியின் செய்தித் தொடர்பாளர். படத்தில் சொந்தப் பெயரோடேயே வருகிறார். தன் வாயில் வைக்கப்பட்ட வார்த்தைகளைத் தான் சொல்லவே இல்லை என்று அவர் படக்குழுவோடு மோதினார். கடைசியில் 2016இல் படத்தை வெளியிட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது: அந்த வசனம் காட்சியின் விறுவிறுப்புக்காகக் கற்பனையாக எழுதப்பட்டது, மூடிமறைத்ததில் அவருக்குப் பங்கு கிடையாது. அதற்குள் படம் ஆஸ்கர் வாங்கிவிட்டது. உலகம் முழுக்க எத்தனை வீடுகளில் அவரைப் பார்த்து யாராவது பல்லைக் கடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் அறிக்கை அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேராது.

இதைப் படித்துவிட்டு 'ஸ்பாட்லைட்' பொய்ப் படம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை இந்த வகையில் மிக நேர்மையான படங்களில் அது ஒன்று. படத்தின் பிற்பகுதியில் ஒரு விஷயம் வருமே, நினைவிருக்கிறதா? குற்றம்சாட்டப்பட்ட இருபது பாதிரியார்களைப் பற்றி ஒரு வழக்கறிஞர் பல வருடங்களுக்கு முன்பே அதே பத்திரிகைக்குத் தகவல் கொடுத்திருப்பார். செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்து அமுங்கிப்போயிருக்கும். அப்போது நகரச் செய்திகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், இப்போது புலனாய்வுக் குழுவை நடத்தும் அதே ஆசிரியர்தான். இது கற்பனை இல்லை. 1993இல் நடந்தது. பழைய செய்தித்தாள்களில் தேடி இதைக் கண்டுபிடித்தவர்களே திரைக்கதை எழுதியவர்கள்தான். அந்த ஆசிரியருக்கே அது நினைவில் இல்லை. கதாநாயகர்களின் கை முழுக்கச் சுத்தமில்லை என்பதைத் தேடி எடுத்துப் படத்திலும் வைத்தார்கள். அதே கைகள்தான் சம்பந்தமில்லாத ஒருவர் வாயில் ஒரு வசனத்தையும் வைத்தன. ஒரே படத்தில் இரண்டும் இருக்கும்போது, எத்தனை சதவீதம் என்று எப்படிச் சொல்வது?

அதனால் நான் சதவீதம் பார்ப்பதில்லை. பழியை யார் தலையில் கட்டுகிறார்கள், யார் செய்த வேலையை யாருக்குக் கொடுக்கிறார்கள், இந்த இரண்டை மட்டும் பார்க்கிறேன். மற்றபடி மழை பெய்த நாளில் வெயில் காட்டட்டும், மூன்று சந்திப்புகளை ஒன்றாக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. இரண்டு மணி நேரத்தில் கதை சொல்கிறவருக்கு அந்த உரிமை வேண்டும்.

'குவிஸ் ஷோ' (1994) இதற்கு நல்ல உதாரணம். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ட்வென்டி ஒன்' என்ற வினாடி வினா நடந்தது. போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்து நடத்திய மோசடி அது. ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்தார். தலைமுடியை எப்படி வெட்ட வேண்டும், எந்தக் கோட்டைப் போட வேண்டும் என்பதைக்கூடத் தயாரிப்பாளர்தான் சொன்னார். கண்ணாடி அறைக்குள் வியர்வையை அழுத்தித் துடைக்காதே, கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடு என்று அதற்கும் ஒத்திகை நடந்ததாகப் பின்னால் ஸ்டெம்பல் சொன்னார். 1956 டிசம்பரில், போதும், இனி தோற்றுவிடு என்றார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது என்று கேள்வி. விடை 'மார்ட்டி'. ஸ்டெம்பலுக்கு மிகவும் பிடித்த படம் அது. தெரிந்தே வேறொரு படத்தின் பெயரைச் சொல்லித் தோற்றார். இதெல்லாம் நிஜமாகவே நடந்தது, படத்திலும் நன்றாக வந்திருக்கிறது.

கோணல் வருவது அதற்கு அப்புறம்தான். படத்தில் மோசடியைத் துருவிக் கண்டுபிடிப்பவர் ரிச்சர்ட் குட்வின் என்ற இளம் விசாரணை அதிகாரி. ஸ்டெம்பலைத் தோற்கடித்துப் புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரனோடு அவர் பழகுவதும் சந்தேகப்படுவதும்தான் கதையின் உயிர். நிஜத்தில் வான் டோரன் போட்டியிலிருந்து வெளியேறியது 1957 மார்ச்சில். நாடாளுமன்றக் குழுவுக்காகக் குட்வின் இதில் இறங்கியது 1959இல். இடையில் நியூயார்க்கின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மாதக்கணக்கில் மெனக்கெட்டு விசாரித்து, பெருநடுவர் குழுவின் (வழக்குத் தொடர ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) முன்னால் சாட்சிகளை நிறுத்தியிருந்தது. அந்த உழைப்பு படத்தில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது.

அதோடு போனது இன்னொன்றும்தான், எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அந்தப் பெருநடுவர் குழுவின் முன்னால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர்கள் ஏராளம். ரவுடிகளோ தொழில்முறை மோசடிக்காரர்களோ இல்லை. படித்தவர்கள், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுத்தவர்கள். வான் டோரனும் அங்கே பொய்தான் சொன்னார். பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்தை 1962இல் அவரும் வேறு சிலரும் ஒப்புக்கொண்டார்கள். இத்தனை பேர் ஏன் ஒரே மாதிரி பொய் சொன்னார்கள்? அந்த முறைகேட்டின் மையமே அந்தக் கேள்விதான். ஆனால் ஒருவர் துரத்த, இன்னொருவர் சிக்கிக்கொள்கிற கதையில் அத்தனை பேருக்கு இடமில்லை. எந்த முறைகேடானாலும் அப்படித்தான், தெரிந்தும் வாயைத் திறக்காத நூறு பேர் இல்லாமல் அது ஒரு வாரம்கூட ஓடாது. படம் அந்த நூறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வில்லனை மட்டும் நம் முன்னால் நிறுத்துகிறது.

அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை வைத்து 1976இல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்திலும் இப்படி ஒரு மறைதல் உண்டு. 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் அந்தச் செய்திகளை ஆரம்பத்திலிருந்து இழுத்துக்கொண்டு போன நகரச் செய்தி ஆசிரியர் பாரி சஸ்மன் படத்திலேயே இல்லை. 'பணம் போன வழியே போ' என்று ரகசியத் தகவலாளி சொல்லும் வரி மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நிஜத்தில் அந்தத் தகவலாளி அதைச் சொன்னதாகப் பதிவு இல்லை, அவர் வாயில் திரைக்கதைக்காக வைத்த வரி.

சரி, அப்படியானால் இந்தப் படங்களே வேண்டாமா? பிரிட்டன் தபால் நிலையங்களில் நடந்ததைப் பாருங்கள். ஹொரைசன் என்ற கணினி அமைப்பு தப்பும் தவறுமாகக் கணக்குக் காட்டியது. அதை நம்பி 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக அதிகாரிகளைத் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கினார்கள். ஒரு பெண்மணியின் கணக்கில் இரண்டாயிரம் பவுண்டு குறைகிறது. உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே செய்கிறார். கண்ணெதிரே திரையில் அந்தத் தொகை நாலாயிரமாகிறது. கணினிப் பத்திரிகை ஒன்று 2009இலேயே இந்த அநியாயத்தை எழுதியது. அமைப்பில் பிழை இருந்தது என்று 2019இல் உயர்நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பெரிதாக ஒன்றும் அசையவில்லை. 2024 ஜனவரியில் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற நான்கு பகுதித் தொடர் வந்தது. அந்தப் பெண்மணி போனைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்பதை நாடே பார்த்தது. அதே ஆண்டு மே மாதம் அந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் வந்தது.

தீர்ப்பால் ஆகாததை ஒரு தொடர் செய்தது. எனக்கு இதில் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வருகின்றன. இவ்வளவு பலம் உள்ள கையில் ஒரு பெயர் தவறாகச் சிக்கினால் என்ன ஆகும் என்பதை அந்தச் செய்தித் தொடர்பாளர் அனுபவித்துவிட்டார். இறந்தவராக இருந்தால் எதிர்த்துக் கேட்கவும் ஆளிருக்காது. ஆகவே நிஜப் பெயரை வைக்கிற இடத்தில் மட்டுமாவது, ஆதாரம் கையில் இல்லாத வசனத்தை எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். அந்த இடத்துக்கு ஒரு கற்பனைப் பெயர் போதும், கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நீங்களும் மகளும் அடுத்து இப்படி ஒரு படம் பார்த்தால், முடிந்த கையோடு உங்களுக்கு அதிகக் கோபம் வரவைத்தவர் யார் என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்து, தீர்ப்பிலோ விசாரணை அறிக்கையிலோ அன்றைய செய்தியிலோ அவர் என்ன செய்ததாக இருக்கிறது என்று தேடுங்கள். முழுப் படத்தையும் சரிபார்க்க நேரம் இருக்காது. ஒரு பெயருக்கு அரைமணி நேரம் போதும்.

இந்த முறை அதை நான் செய்துவிட்டேன். அவர் அப்படிப் பேசியதாகக் காட்டியது கற்பனை என்று மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.