சர்க்கரை மிஞ்சினா ஈஸ்ட் படுத்துக்கும்

கேள்வி: கிறிஸ்துமஸ் கேக்குக்காக 2 கிலோ பன்னீர் திராட்சை, 2 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் தண்ணி, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட் போட்டு பீங்கான் சாடியில ஒயின் வெச்சேனுங்க. மூணு நாள் நல்லா பொங்குச்சு. இப்ப சத்தமே இல்லை. நாக்குல வெச்சா பாகாட்டம் இனிக்குது. இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போடலாமுங்களா?
- வாசகி, வால்பாறை

பதில்: அப்படியே போடாதீங்க அம்மிணி, அதுவும் படுத்துக்கும். கிலோவுக்குக் கிலோன்னு யாரோ ஆரம்பிச்சு வெச்ச கணக்குதான் வினை. உங்க சாடியில பழத்தோட இனிப்பும் சேர்ந்து லிட்டருக்கு 600 கிராமுக்கு மேலேயே சர்க்கரை நிக்குது. ஈஸ்ட் சிரமமில்லாம வேலை செய்யறது 250 கிராம் வரைக்கும்தான். மாங்காய்த் துண்டுல உப்பு போட்டா தண்ணி விடுதுல்ல? அதே மாதிரி ஈஸ்டுக்குள்ள இருக்கற தண்ணியை சர்க்கரை இழுத்துடும். மார்கழிக் குளிர் வேற; 15 டிகிரிக்குக் கீழே போனா அது சுணங்கிடும்.

சாறை வெள்ளைத் துணியில வடிகட்டுங்க. ஒரு லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில (விரல் வெச்சா சுடக் கூடாது) ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட் போட்டு வைங்க. கால் மணி நேரத்துல மேலே நுரை கட்டணும். கட்டலைன்னா ஈஸ்ட் பழசு, கீழே ஊத்திடுங்க. நுரைச்சா, சாடிச் சாறுல ஒரு கரண்டி எடுத்து அந்த டம்ளர்ல ஊத்துங்க, அரை மணி கழிச்சு இன்னொரு கரண்டி. பழகினதும் மொத்தமா சேர்த்துடலாம். சாடி அடுப்படிப் பக்கம் இருக்கட்டும். மூடியைத் திருகி இறுக்காதீங்க, உள்ளே உண்டாகற கரியமில வாயு கண்ணாடியையே உடைச்சுடும். கோதுமையால பெருசா ஒண்ணும் ஆகாது. அந்த மாவுச்சத்தை ஈஸ்டால தின்ன முடியாது.

இன்னொண்ணு. சென்னை மாகாணத்துல மதுவிலக்கு முதன்முதல்ல அமலானது பக்கத்துல நம்ம சேலம் ஜில்லாவுலதான், 1937-ல. அந்தச் சட்டம் இன்னும் இருக்கு. லைசென்ஸ் இல்லாம மது தயாரிச்சா குற்றம். அதனால பொங்கி அடங்கினதும் வாயகன்ற போசியில ஊத்தி, துணி கட்டி, காடி, அதாவது வினிகரா ஆக்கிக்குங்கன்னுதான் நான் சொல்லுவேன். கேக்குக்கு உலர்திராட்சையைச் சும்மா ஆரஞ்சுச் சாறுல ஊறப் போட்டாலே மணக்கும்.

கேள்வி: என் அன்னாசிச் சாடியைத் திறந்தா காடி வாசம் மூக்கைத் துளைக்குது. திரும்ப ஒயினாக்க வழி இருக்குங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லீங்க. பாதிச் சாடி காலியா இருந்திருக்கும், காத்து கிடைச்சதும் காடி பாக்டீரியா ஏறிடுச்சு. மேலே வெள்ளையா வழுவழுன்னு ஆடை கட்டியிருந்தா அதுவும் அதோட வேலைதான். பச்சை, கறுப்புன்னு பூசணம் பூத்திருந்தா மட்டும் மொத்தமா கொட்டிடுங்க. நல்லா இருந்தா வடிகட்டி, சின்ன வெங்காயத்தை உரிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜுல வைங்க. பரோட்டாவுக்குத் தொட்டுக்க அருமையா இருக்கும்.