வெப்சைட்டா, ஆப்பா? ஆன்லைன் வியாபாரிகள் கேட்டவையும் என் பதில்களும்

ஆன்லைனில் பொருள் விற்பவர்களுக்கு வெப்சைட்டும் ஆப்பும் செய்து கொடுப்பது என் தொழில். எதில் பணத்தைப் போடுவது என்று சிறு வியாபாரிகள் பலரும் தயங்கி நிற்கிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஊரும் தொழிலும் போதும் என்று பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி (இளம்பிள்ளை, சேலை): சார், இன்ஸ்டாவுலயும் வாட்ஸ்அப்லயும் சேலை விக்கிறேன். ஒரு கம்பெனிக்காரங்க ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் ஆப் போட்டுத் தர்றோம்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. "வெப்சைட்டை இப்ப யாரும் பாக்கறதில்லை"ங்கறாங்க. ஆப் போட்டுடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்ங்க. உங்கள் கஸ்டமர் எந்த வழியில் வருகிறார் என்று பாருங்கள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலைப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். பிடித்தவர் லிங்கைத் தொடுகிறார். வெப்சைட் இருந்தால் அதே சேலை திறக்கும், கீழேயே விலையும் வாங்கும் பொத்தானும் இருக்கும். ஆப் மட்டும் இருந்தால் பிளே ஸ்டோர் திறக்கும். இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், நம்பர் கொடுத்து ஓடிபி போட வேண்டும், நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று அது கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தால் முகப்புப் பக்கம் வரும். மயில்கழுத்துச் சேலையை அவரே திரும்பத் தேட வேண்டும். பாதிப்பேர் பிளே ஸ்டோரைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார்கள்.

இறங்கி முடித்ததும் நேராக அந்தச் சேலைக்கே கொண்டுபோகிற மாதிரியும் செய்யலாம். அதற்குப் பலரும் இலவசமாகப் பயன்படுத்திய ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸை கூகுள் 2025 ஆகஸ்டில் மூடிவிட்டது. இனி அதற்கென்று வேறொரு சேவையைப் பிடிக்க வேண்டும்.

கூகுளில் தேடி வருகிறவர்களையும் மறக்கக் கூடாது. "இளம்பிள்ளை காட்டன் சேலை" என்று ஒருவர் தேடினால் உங்கள் வெப்சைட்டின் பக்கம் வர வாய்ப்பு உண்டு. ஆப்புக்குள் இருக்கிற சேலை அப்படி வராது. ஆப் புதுக் கஸ்டமரைக் கொண்டு வராது. வந்தவரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் உதவும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

கேள்வி (கோவை, ரெடிமேட்): மிந்த்ரா வெப்சைட்டையே மூடிட்டு ஆப் மட்டும் வெச்சு ஓட்டினாங்களே? அவ்வளவு பெரிய கம்பெனி யோசிக்காமலா செஞ்சிருப்பாங்க?

பதில்: யோசித்துத்தான் செய்தார்கள். பின்னால் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015 மே 15 அன்று மிந்த்ரா வெப்சைட்டை மூடியது. அவர்கள் வியாபாரத்தில் பெரும்பங்கு அப்போதே மொபைலிலிருந்து வந்துகொண்டிருந்ததால் அது சரியான கணக்காகத்தான் தெரிந்தது. ஆனால் 2016 பிப்ரவரியில் மொபைல் வெப்சைட்டைத் திரும்பத் திறந்தார்கள். ஜூன் மாதம் கம்ப்யூட்டரில் பார்க்கிற வெப்சைட்டும் திரும்ப வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம்தான் தாங்கியது.

மிந்த்ராவை 2014இல் வாங்கிய ஃபிளிப்கார்ட்டும் 2015இல் மொபைல் வெப்சைட்டை நிறுத்தி, போனில் வருகிறவர்களை ஆப் பக்கம் தள்ளியது. அதே வருடம் நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் புது மாதிரி மொபைல் வெப்சைட்டைக் கொண்டு வந்தது. பழைய மொபைல் வெப்சைட்டோடு ஒப்பிட்டால் மக்கள் அதில் 3 மடங்கு நேரம் செலவிட்டார்கள் என்றும், ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து வைத்து அதன் வழியாக வந்தவர்கள் பொருள் வாங்கும் விகிதம் 70% கூடுதல் என்றும் கூகுள் வெளியிட்டது. அந்தத் தொழில்நுட்பத்தைப் பரப்புவதில் கூகுளுக்கு அக்கறை உண்டு, அதையும் சேர்த்தே எண்களைப் படியுங்கள். எப்படிப் பார்த்தாலும், அத்தனை விளம்பரப் பணமும் பெயரும் உள்ளவர்களாலேயே வெப்சைட் இல்லாமல் ஓட்ட முடியவில்லை.

கேள்வி (மதுரை, பாத்திரம்): அந்தப் புது மாதிரி வெப்சைட்னா என்ன? பி.டபிள்யூ.ஏ.ங்கறது அதுதானா?

பதில்: அதேதான். புரோகிரெசிவ் வெப் ஆப் என்பதன் சுருக்கம், 2015இல் வந்த பெயர். அடிப்படையில் அது வெப்சைட்தான். சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல் பிரவுசருக்குள் தங்கி, பார்த்த பக்கங்களைச் சேமித்து வைக்கும். சிக்னல் போனாலும் வெள்ளைத் திரை வராமல் கடை திறக்கும். ஹோம் ஸ்கிரீனில் ஐகானாக உட்காரும், தொட்டால் அட்ரஸ் பார் இல்லாமல் ஆப் போலவே திறக்கும்.

ஆண்ட்ராய்டு குரோமில் இதெல்லாம் நன்றாக ஓடும். ஐபோனில் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. சர்வீஸ் வொர்க்கர் 2018இல் ஐஓஎஸ் 11.3ல் வந்தது, நோட்டிஃபிகேஷன் 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4ல்தான் வந்தது. அதுவும் கஸ்டமர் ஷேர் பொத்தானைத் தொட்டு ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் மட்டுமே வேலை செய்யும். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் ஐபோன் கஸ்டமருக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பித்தான் வியாபாரம் என்று திட்டம் போடாதீர்கள்.

கேள்வி (திருப்பூர், டி-ஷர்ட்): அண்ணா, இன்ஸ்டா விளம்பரத்துல கிளிக் நிறைய வருது. ஆனா பேமெண்ட்கிட்ட வந்து நின்னுடறாங்க. ஆப் இருந்திருந்தா இப்படி ஆகாதுன்னு தோணுது.

பதில்: தம்பி, ஆப் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் விளம்பரத்தை வேறு யாருடைய போனிலாவது, அவர்கள் கையாலேயே, ஆர்டர் முடியும் வரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள்.

இன்ஸ்டாவில் லிங்கைத் தொட்டால் குரோம் திறப்பதில்லை. இன்ஸ்டாவுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். குரோமில் அவர் ஏற்கனவே லாகின் செய்திருந்தாலும் இங்கே புது ஆள்தான். சேமித்து வைத்த முகவரி வராது, முழுதாக டைப் அடிக்க வேண்டும். அதைத் தாண்டி யூபிஐ பொத்தானைத் தொட்டால், சில போன்களில் கூகுள் பே திறக்காமல் பிழைப் பக்கம் ஒன்று வந்து நிற்கும். யூபிஐ லிங்கை வெளியே உள்ள ஆப்புக்குக் கைமாற்றி விடுவது அந்தக் குட்டி பிரவுசரின் கையில் இருக்கிறது. அது செய்யாவிட்டால் கஸ்டமருக்கு உங்கள் கடை ரிப்பேர் என்றுதான் தோன்றும்.

இன்னொரு இடமும் இருக்கிறது. குறைந்த ரேம் உள்ள போனில், கூகுள் பேயில் பின் நம்பர் போடுகிற நேரத்தில் பின்னால் இருக்கும் உங்கள் பக்கத்தை ஆண்ட்ராய்டு மூடிவிடும். பணம் போய்விட்டது, திரும்பி வந்தால் காலிக் கூடை. பயந்துபோய் உங்களுக்கு ஃபோன் அடிப்பார், அல்லது திட்டி ரிவ்யூ போடுவார்.

செய்ய வேண்டியது இதுதான். கூடையில் உள்ளதை போனில் மட்டும் வைக்காமல் சர்வரில் வையுங்கள். பணம் வந்ததா என்பதை கஸ்டமர் திரும்பி வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கஸ்டமரிடம் பணம் வாங்கித் தருகிற சேவையான பேமெண்ட் கேட்வே நேராக உங்கள் சர்வருக்கு அனுப்புகிற வெப்ஹூக் என்ற தகவலை வைத்து முடிவு செய்யுங்கள். லாகின் கட்டாயம் வேண்டாம், நம்பரும் முகவரியும் போதும். பின்கோடு அடித்ததும் ஊரும் மாவட்டமும் தானாக நிரம்பட்டும். இன்ஸ்டாவுக்குள் இருந்து வருகிறவருக்கு, குரோமில் திறக்கும் வழியை மேலே ஒரு வரியில் காட்டுங்கள். இதை முடித்துவிட்டு ஒரு மாத ஆர்டரைப் பாருங்கள். ஆப் செலவில் சின்னப் பங்குகூட இதற்கு ஆகாது.

கேள்வி (காரைக்குடி, பலகாரம்): அப்ப ஆப் யாருக்குத்தான் வேணும் சார்? நாங்க முறுக்கு, அதிரசம், சீப்பு சீடை எல்லாம் கூரியர்ல அனுப்பறோம்.

பதில்: அக்கா, திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் நிறைய இருக்கிற கடைக்கு ஆப் வேண்டும். உங்களுடையது அப்படிப்பட்ட கடையாக இருக்கலாம். ஒரு வருட ஆர்டர்களை எக்செல்லில் இறக்கி, போன் நம்பர் வரிசையில் அடுக்குங்கள். ஒரே நம்பர் மூன்றாவது, நான்காவது முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்டவர்களிடமிருந்தே வருமானத்தில் பெரும்பகுதி வருகிறது என்றால், போன ஆர்டரையே திரும்பப் போட ஒரு பொத்தான் உள்ள ஆப் அவர்களுக்கு உண்மையான வசதி. பால், மளிகை, மாதாந்திர மருந்து எல்லாம் இதே கணக்குதான். கல்யாணப் பட்டு விற்கிறவருக்கு அது பொருந்தாது.

தீபாவளிக்கு மட்டும் வந்துவிட்டு அடுத்த தீபாவளிக்குத்தான் திரும்புகிறவர்களே அதிகம் என்றால் ஆப் வேண்டாம். அதற்குள் போனில் இடம் இல்லை என்று முதலில் அழிப்பது உங்கள் ஆப்பைத்தான். ஆண்ட்ராய்டு 13லிருந்து நோட்டிஃபிகேஷனுக்கு கஸ்டமர் தானே அனுமதி கொடுத்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். திறந்ததும் கேட்காதீர்கள். முதல் ஆர்டர் போட்டதும், பார்சல் எங்கே வருகிறது என்று சொல்லட்டுமா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் சரி என்பார்கள்.

கேள்வி (சேலம், வெள்ளிக் கொலுசு): இருக்கற வெப்சைட்டையே ஆப்பா மாத்திக் குடுக்கறோம்னு கம்மி ரேட் சொல்றாங்க.

பதில்: வெப்சைட்டை ஒரு உறைக்குள் போட்டு ஆப் என்று கொடுப்பார்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதி 4.2 இதைத் தெளிவாகச் சொல்கிறது: வெப்சைட்டை அப்படியே பொதிந்து கொண்டு வந்தால் ஏற்க மாட்டார்கள். ஆண்ட்ராய்டில் நல்ல பி.டபிள்யூ.ஏ. இருந்தால் டிரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி என்ற முறையில் அதைப் பிளே ஸ்டோரில் போடலாம். வெப்சைட்டும் ஆப்பும் ஒருவருடையதே என்று நிரூபிக்க ஒரு சிறு கோப்பு வைத்தால் போதும். கம்மி ரேட்டுக்கு இது நியாயமான வழி. இரண்டு போனிலும் உண்மையான ஆப் வேண்டும் என்றால் ஃபிளட்டர் அல்லது ரியாக்ட் நேட்டிவ் என்ற கருவியில் இரண்டுக்கும் ஒரே நிரலாக எழுதச் சொல்லுங்கள். கடை ஆப்புக்கு இரண்டு தனி நிரல் எழுத வேண்டிய தேவை அபூர்வம்.

கேள்வி (சென்னை, புத்தகம்): ஆப்ல வித்தா ஆப்பிளும் கூகுளும் 30% எடுத்துக்குவாங்களாமே?

பதில்: கூரியரில் போகிற பொருளுக்கு இல்லை. அதற்கு உங்கள் வழக்கமான பேமெண்ட் கேட்வேதான், அவர்களுக்குப் பங்கு கிடையாது. மின்னூல், வீடியோ வகுப்பு மாதிரி ஆப்புக்குள்ளேயே நுகர்கிறவற்றுக்குத்தான் அந்தக் கமிஷன், சிறு நிறுவனங்களுக்கு 15%. அச்சுப் புத்தகத்தோடு மின்னூலும் விற்பதாக இருந்தால் முதல் நாளிலேயே டெவலப்பரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (சிவகாசி, பட்டாசு): சீசனுக்கு முன்னாடி ஆப் ஒண்ணு ரெடி பண்ணணும். என்ன செலவாகும்?

பதில்: செலவைச் சொல்வதற்கு முன் சட்டத்தைச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆன்லைனில் பட்டாசு ஆர்டர் எடுப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அது வெப்சைட்டுக்கும் பொருந்தும், ஆப்புக்கும் பொருந்தும். வக்கீலிடம் கேட்டுக்கொள்ளாமல் ஒரு ரூபாய்கூட இதில் போடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு, பெட்ஷீட்): ஒரு தடவை ஆப் போட்டுட்டா அப்புறம் செலவு இருக்காதுல்ல?

பதில்: இருக்கும். ஸ்டோரில் ஆப் போடக் கணக்குத் திறக்கக் கூகுளுக்கு ஒரு முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடாவருடம் 99 டாலர். அது சிறிய தொகை. பெரிய செலவு பராமரிப்பு. புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை வருடந்தோறும் மேம்படுத்தச் சொல்லிக் கூகுள் கேட்கும். விட்டுவிட்டால் அப்டேட் போட முடியாது, புதுப் போன் வாங்கியவர்கள் கண்ணில் ஆப் படாது. விலையில் தப்பு என்றால் வெப்சைட்டில் நிமிடத்தில் திருத்தலாம். ஆப்பின் நிரலில் தப்பு என்றால் திருத்தி, ஸ்டோர் பார்த்து ஒப்புதல் கொடுத்து, கஸ்டமர் அப்டேட் செய்யும் வரை பழையதுதான் ஓடும்.

கூகுளில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், வெளியிடுவதற்கு முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நிறுவனப் பெயரில் கணக்குத் திறந்தால் அது இல்லை. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி (நாகர்கோவில், நேந்திரம் சிப்ஸ்): எங்க வெப்சைட் ரொம்ப ஸ்லோ. அதனாலதான் ஆப் யோசிக்கிறோம்.

பதில்: கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்களா? பெரும்பாலும் அங்கேதான் சிக்கல். படங்களை வெப்பி (WebP) என்ற எடை குறைந்த வடிவத்துக்கு மாற்றி, மொபைல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பயன்படுத்தாத சாட், பாப்-அப் பிளகின்களை நீக்குங்கள். பக்கத்தின் முக்கியப் படம் 2.5 நொடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். அதை உங்கள் வைஃபையில் பார்க்காதீர்கள். பேக்கிங்கில் இருக்கிறவரின் பழைய போனில், மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

கேள்வி (கரூர், வீட்டு விரிப்பு): ஆப் செஞ்சு குடுத்தவங்க அவங்க பேர்லயே பிளே ஸ்டோர்ல போட்டிருக்காங்க. இப்ப ஃபோன் எடுக்கறதில்லை. என்ன பண்றது?

பதில்: உங்கள் பெயரில் பிளே கன்சோல் கணக்கு, அதாவது பிளே ஸ்டோரில் ஆப் போடுவதற்கான கணக்கு ஒன்றை இன்றே திறங்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஆப்பை மாற்றிக் கொடுக்க கூகுளில் வழி இருக்கிறது; இன்ஸ்டால் செய்தவர்களும் ரிவ்யூக்களும் அப்படியே வரும். ஆனால் இப்போது வைத்திருக்கிறவர்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதனால் சண்டை போடாமல், கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் முடித்து, எழுத்து மூலமாகக் கேளுங்கள். முழு நிரலும், ஆப்புக்குப் பின்னால் ஓடுகிற கூகுள் சேவையான ஃபயர்பேஸைப் பயன்படுத்தியிருந்தால் அந்தக் கணக்கின் உரிமையும் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

அவர் மறுத்தால் புதுப் பெயரில் புது ஆப்தான் போட வேண்டிவரும், பழைய கஸ்டமர் எல்லாரையும் மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டும். அந்த நிலைமை வந்தால் உடனே ஆப் போடாதீர்கள். வெப்சைட்டின் டொமைன், அதாவது அதன் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது உங்கள் பெயரில் இருந்தால் கடை நடக்கும், மீதியைப் பொறுமையாகப் பார்க்கலாம். அதுவும் அவர்கள் பெயரில்தான் என்றால், ஆப்பை விட்டுவிட்டு டொமைனைத்தான் முதலில் கேட்க வேண்டும்.