மெழுகுதிரிக்குச் சிரட்டையா, தயிர்ச்சட்டியா, ஜாம் போத்தலா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மெழுகுதிரி செய்து, நத்தார் காலத்தில் தெரிந்தவர்களுக்கு விற்கப் போகிறாராம். புதிதாக எதையும் வாங்காமல், வீட்டில் சேரும் சிரட்டை, தயிர்ச்சட்டி, ஜாம் போத்தல், ரின்மீன் பேணி ஆகியவற்றிலேயே மெழுகை ஊற்றலாமா, இவற்றில் எது ஆபத்தில்லாதது, எது சூழலுக்கு நல்லது என்று கேட்கிறார்.

சிரட்டையை முதலிலேயே தள்ளி வைத்துவிடுங்கள். பார்க்க அழகுதான், இயற்கைப் பொருள்தான். ஆனால் நன்றாக எரியும் பொருள். அந்தக் காலத்து அயன்பெட்டிக்குக் கரி கொடுத்ததே சிரட்டைதான். மெழுகு அடிவரை உருகித் திரி ஒரு பக்கம் சாய்ந்தால் சுவாலை நேரே சிரட்டையில் படும். உள்ளே வார்னிஷ் பூசினால் சரியாகாதா என்று சிலர் கேட்பார்கள். வார்னிஷும் எரியும். மரக்கிண்ணத்துக்கும் மூங்கிலுக்கும் இதே பதில்தான். சிரட்டையை விட மனமில்லையென்றால், திரி வைக்காமல் வாசனை மெழுகு ஊற்றி, அலுமாரிக்குள் வைக்கக் கொடுக்கலாம்.

தயிர்ச்சட்டி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மண் எரியாது, உண்மை. ஆனால் உறிஞ்சும். விளக்கீடு முடிந்து சிட்டியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் எண்ணெய்க் கறை இருக்கும். உருகிய மெழுகும் அப்படியே மண்சுவருக்குள் இறங்கும். மேசையில் கசிவது ஒரு தொல்லை. அதைவிட மோசமானது, மெழுகு ஊறிய விளிம்பே திரிபோலப் பற்றிக்கொள்வது. சிட்டியில் இருப்பது கொஞ்ச எண்ணெய், சீக்கிரம் தீர்ந்துவிடும். சட்டி நிறைய மெழுகு இருந்தால் மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருக்கும். அப்புறம், கொழும்பின் ஈரக்காற்றில் மண்சட்டி முழுதாகக் காய்வதும் கடினம். உள்ளே ஈரம் இருந்தால் திரி படபடவென்று வெடித்து மெழுகு தெறிக்கும்.

ஆனாலும் சட்டியை எறிய வேண்டாம். அடியில் கொஞ்சம் காய்ந்த மணல் போட்டு, மெழுகு ஊற்றிய கண்ணாடியை அதற்குள் வையுங்கள். கண்ணாடி வெடித்தாலும் மெழுகு மேசையில் ஓடாமல் சட்டிக்குள்ளேயே நிற்கும். மண்ணை இப்படி வெளிக்கவசமாக வைப்பதைத்தான் நான் விரும்புகிறேன்.

இனி ஜாம் போத்தல். உங்களிடம் இருப்பவற்றில் இதற்குத்தான் என் ஓட்டு, ஆனால் எல்லாப் போத்தலுக்கும் அல்ல. சூடான ஜாமை ஊற்றுவதற்கென்று செய்யப்பட்டதால் ஓரளவு வெப்பம் தாங்கும். நெருப்புக்கென்று செய்யப்பட்டதல்ல. கண்ணாடியை உடைப்பது சூடு மட்டுமல்ல, ஓரிடம் சூடாகவும் பக்கத்து இடம் குளிராகவும் இருப்பதுதான். அமெரிக்காவில் மெழுகுதிரிக் கண்ணாடிக்கென்றே ஏஎஸ்டிஎம் எஃப் 2179 என்று ஒரு தரநிலை உண்டு. கண்ணாடி ஒழுங்காக ஆறவைத்துப் பதப்படுத்தப்பட்டதா, திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்குமா என்பவைதான் அதில் முக்கியம். நம் கையில் இருக்கும் பழைய போத்தலுக்கு அந்தச் சான்று இல்லை என்பதால் நாமே கவனமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வாய் ஒடுங்கிய போத்தல் வேண்டாம், சூடு கழுத்தில் தேங்கும். சுவர் நேராக, அடி அகலமாக, கண்ணாடி தடிப்பாக இருக்கட்டும். வைன் கிளாஸ் மெல்லியது, தட்டினால் சாயும், ஆகவே அதுவும் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கீறலோ விளிம்பில் சிறு உடைவோ இருந்தால் அந்தப் போத்தலில் பருப்புப் போட்டு வையுங்கள். தேறியதில் தண்ணீர் நிரப்பிப் பத்திரிகைத் தாளின் மேல் ஓர் இரவு விடுங்கள். தாள் நனையவில்லை என்றால் கழுவி, நன்றாக உலர்த்தி, மெழுகு ஊற்றுமுன் போத்தலை இலேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

திரி சரியாக நடுவில் நிற்க வேண்டும். சுவர்ப் பக்கம் ஒதுங்கினால் அந்த இடம் மட்டும் சூடேறிக் கண்ணாடி வெடிக்கும். மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் இதே கதைதான், காற்றில் சுவாலை ஒரு பக்கமே சாயும். கொளுத்துமுன் திரியை 6 மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். ஒரே தடவையில் 4 மணித்தியாலத்துக்கு மேல் எரியக் கூடாது. அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிட வேண்டும். அந்தக் கடைசி மெழுகுதான் அடிக்கண்ணாடியைச் சுவாலையிலிருந்து காக்கிறது. விற்கும்போது இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிறு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். உருகிய மெழுகில் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தண்ணீர் பட்டால் கொதிக்கும் மெழுகு சிதறும்.

ரின்மீன் பேணி உடையாது. ஆனால் வெறுங்கையால் தூக்க முடியாத அளவுக்குச் சூடாகும், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். பல பேணிகளின் உட்பக்கத்தில் மெல்லிய பூச்சு இருக்கும், சூட்டில் அது மணக்கலாம். சொந்தப் பாவனைக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். பொருத்து இல்லாத எவர்சில்வர் பேணி இதைவிட எவ்வளவோ மேல், அடியில் ஒரு ஓடோ தட்டோ வைத்தால் போதும். வெடிப்பில்லாத பீங்கான் கோப்பையும் நல்லது.

சூழலைப் பற்றியும் கேட்டீர்கள். திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய பாத்திரம்தான் என் பார்வையில் சூழலுக்கு நல்லது. ஆகவே போத்தலின் மேல் மினுக்கம், துணி, சணல்கயிறு என்று எதையும் ஒட்டாதீர்கள். அவை தீயும் பிடிக்கும், மறுபடி கழுவவும் விடாது. வெறும் போத்தலைத் திருப்பித் தருபவர்களுக்கு அடுத்த மெழுகுதிரியில் விலை குறைத்துக் கொடுங்கள். வந்த போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி, மெழுகு இளகியதும் பழைய தாளால் துடைத்தெடுங்கள். குசினித் தொட்டியில் கழுவி விட்டால் மெழுகு குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும். எடுத்த மெழுகை உருக்கி வடித்து அடுத்த வார்ப்பில் சேர்க்கலாம். போத்தலை மட்டும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மறுபடி நிரப்புங்கள்.

முதல் விற்பனைக்கு முன், ஒவ்வொரு வகைப் பாத்திரத்திலும் ஒன்றை நீங்களே பக்கத்தில் இருந்து, தரை ஓட்டின் மேல் வைத்து, கடைசி வரை எரித்துப் பாருங்கள். இடையில் வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் திரி பெரிதாகிவிட்டது. ஒரு அளவு சின்னத் திரி போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.