ஃப்ளாட் வழக்கில் மேசைக்கு அந்தப் பக்கம் யார்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் (கட்டடம் வேறொருவருடையது, நாங்கள் நீண்ட காலக் குத்தகைக்கு வாங்கியது) வைத்திருக்கிறோம். கூரை வேலைக்கு எங்கள் பங்கு 4,800 பவுண்ட் என்று பில் வந்திருக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கூரையைப் பற்றி என்ன தெரியும்?

பதில்: கட்டடத்தைப் பராமரித்துப் பில் அனுப்பும் உங்கள் மேனேஜிங் ஏஜென்டை விட அதிகம் தெரியும். இங்கிலாந்தில் இந்த வழக்குகள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்குப் போகின்றன. 2013 ஜூலைக்கு முன்பு இதை லீஸ்ஹோல்ட் வேல்யுவேஷன் ட்ரிப்யூனல் என்றார்கள். வேல்ஸில் இன்றும் அதே பெயர்தான். பெரும்பாலும் இரண்டு பேர் அல்லது மூன்று பேர் உட்காருவார்கள். ஒருவர் சட்டம் படித்த நீதிபதி. இன்னொருவர் பெரும்பாலும் கட்டடம் அறிந்த சர்வேயர் அல்லது சொத்து மதிப்பீட்டாளர். மூன்றாமவர் வந்தால், இரு துறையையும் சேராத பொது உறுப்பினராக இருக்கலாம். மதிப்பீடு மட்டுமே தகராறு என்றால் சர்வேயரே தலைமை ஏற்பதும் உண்டு.

சர்வேயரின் கேள்விகள் இப்படி இருக்கும்: சாரம் 14 வாரம் நின்றிருக்கிறதே, கூரையில் ஆள் ஏறியது எத்தனை வாரம்? மீதி வாரங்களுக்கு வாடகை ஏன்? 'அநியாயம்' என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. தேதியுள்ள படங்களும், அதே வேலைக்கு வேறு இரண்டு காண்ட்ராக்டர்களின் எழுத்து மதிப்பீடும் கொண்டுபோங்கள். ஸ்காட் ஷெட்யூல் என்ற அட்டவணையை நிரப்பச் சொல்வார்கள்: பில்லின் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரி, தொகை, உங்கள் ஆட்சேபம், எதிர்த் தரப்பின் பதில், கடைசிக் கட்டம் தீர்ப்பாயத்துக்கு. ஆட்சேபத்தை இரண்டு வரிக்குள் எழுதுங்கள்.

கேள்வி: குழுவில் யார் வேண்டும் என்று நாங்கள் கேட்கலாமா?

பதில்: முடியாது. உறுப்பினருக்கு எதிர்த் தரப்போடு தொடர்பு இருப்பது தெரிந்தால், தெரிந்த அன்றே சொல்லுங்கள். தோற்ற பிறகு சொன்னால் எடுபடுவது கடினம்.

கேள்வி: பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். இனிக் கேட்க வழியில்லையா?

பதில்: கேட்கலாம். கட்டியது மட்டுமே ஒப்புக்கொண்டதாக ஆகாது. 'தொகை சரி' என்று ஒப்புக்கொண்டிருந்தால் கதவு மூடும்.

கேள்வி: செக்‌ஷன் 20 என்று தலைப்பிட்டு இரண்டு கடிதம் வந்தது. விளம்பரம் என்று கிழித்துப் போட்டேன். இப்போது 9,000 பவுண்ட் கேட்கிறார்கள்.

பதில்: இந்த ஒரு தவறு பற்றி மட்டும் எத்தனை கடிதங்கள்! வீடு வாங்கியவர் வீட்டுத் தபாலைப் பிரிக்க வேண்டாமா? ஒரு ஃப்ளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலை என்றால் உங்களைக் கலந்து பேசியே ஆக வேண்டும்; செக்‌ஷன் 20 என்ற சட்டப் பிரிவு சொல்வது இதைத்தான். வழக்கமான முறை இது: முதல் கடிதம் என்ன வேலை, ஏன் என்று சொல்லும், கருத்துச் சொல்ல 30 நாள், உங்களுக்குத் தெரிந்த காண்ட்ராக்டரின் பெயரையும் அப்போதே தரலாம். அடுத்தது மதிப்பீடுகள்: குறைந்தது இரண்டு, அதில் ஒன்றாவது கட்டட உரிமையாளரான ஃப்ரீஹோல்டரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவருடையது, மறுபடி 30 நாள்.

இதைச் செய்யாவிட்டால் உங்களிடம் 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது, தீர்ப்பாயம் விலக்குத் தந்தால் தவிர. 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து விலக்குக் கேட்கும்போது எழும் முக்கியக் கேள்வி: முறை தவறியதால் குடியிருப்பவருக்கு என்ன நட்டம்? உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆனால் உங்களைக் கேட்டார்கள், நீங்கள் கிழித்தீர்கள். இனி மிச்சமிருப்பது தொகை நியாயமா, வேலை தரமா என்ற வாதம்தான். அதற்கு இன்றே இன்வாய்ஸ்களைக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு கணக்கெல்லாம் நானே பார்க்கிறேன். வழக்குப் போட்டால் வக்கீல் செலவையும் சர்வீஸ் சார்ஜில் (கட்டடப் பராமரிப்புக் கட்டணத்தில்) ஏற்றுவோம் என்று ஏஜென்ட் எழுதியிருக்கிறார். பழைய பாக்கி என்று மூன்று வருடத்துக்கு முந்தைய செலவும் இருக்கிறது.

பதில்: அம்மா, பயப்படாதீர்கள், பயமுறுத்தத்தான் அப்படி எழுதுகிறார்கள். மனுவிலேயே செக்‌ஷன் 20சி உத்தரவு கேளுங்கள். வக்கீல் செலவைச் சர்வீஸ் சார்ஜில் ஏற்றுவதை அது தடுக்கும். உங்கள் பெயரில் தனியாகக் கேட்காமலிருக்க, 2002 லீஸ்ஹோல்ட் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை, பத்தி 5ஏ உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். வக்கீல் இல்லாமலே வாதாடலாம். பொறுப்பில்லாமல் நடந்துகொண்டால் தவிர, அங்கே தோற்றவர் மற்றவர் செலவைக் கட்டும் வழக்கம் இல்லை. மனுக் கட்டணமும் விசாரணைக் கட்டணமும் தனித்தனி. வருமானம் குறைவு என்றால் சலுகை உண்டு.

பழைய பாக்கிக்கு 18 மாத விதி: செலவான 18 மாதத்துக்குள் பில் வர வேண்டும், அல்லது செலவாகிவிட்டது, பிறகு கேட்போம் என்று எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கட்ட வேண்டியதில்லை. கடித உறைகளின் மேலுள்ள தபால் முத்திரையைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: லீஸ் நீட்டிப்பு விலையில் ஃப்ரீஹோல்டரோடு ஒத்துவரவில்லை. எங்கள் கோரிக்கைக்கு அவர் பதிலாக அனுப்பிய எதிர் நோட்டீஸ் வந்து ஐந்தரை மாதம். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. எதிர் நோட்டீஸ் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டுவிட வேண்டும். தவறினால் உங்கள் கோரிக்கை விலக்கிக்கொண்டதாகக் கருதப்படும், அடுத்ததற்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே போனால் மேரேஜ் வேல்யூ என்ற கூடுதல் தொகையும் சேரும். 78 ஆண்டு மிச்சமிருந்த ஃப்ளாட்டை எண்ணிப் பார்க்காமல் வாங்கி, அந்தத் தொகையைக் கட்டியவன் நான். மனுவை இந்த வாரமே அனுப்புங்கள். பேச்சுவார்த்தையை அதன் பிறகும் தொடரலாம்.