கல்வியியல் துறைத் தலைவராக வேண்டுமா? முகவரை விடுங்கள், முதலில் நெட் எழுதுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 37. எம்.எஸ்சி. கணிதம், எம்.எட். முடித்து, ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் 9 ஆண்டுகளாகக் கணிதக் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதவில்லை. என்றாவது ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைக்குத் தலைவராக வேண்டும் என்பது என் ஆசை. தெரிந்தவர் ஒருவர், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டில் பி.எச்டி. முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நேரில் போக வேண்டியதில்லையாம், மூன்றரை லட்சம் ஆகுமாம். பட்டம் வந்ததும் 9 ஆண்டு அனுபவத்தைக் காட்டி நேரடியாக இணைப் பேராசிரியர் ஆகிவிடலாம் என்கிறார். சேரலாமா ஐயா?

பதில்: சேராதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் அது போனாலும் பரவாயில்லை, மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் கணக்கே தப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு பி.எச்டி. விதிமுறைப்படி, பாடப்பயிற்சி உட்படக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகும். 2 ஆண்டு என்று ஒருவர் வாய் திறந்தாலே எழுந்து வந்துவிடலாம். அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ பி.எச்டி. கிடையாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் உள்ள 3 தனியார் பல்கலைக்கழகங்கள், விதிகளைப் பின்பற்றாததால், 5 ஆண்டுகளுக்கு பி.எச்டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மானியக் குழு தடை போட்டது. அங்கே படித்தவர்கள் இன்று ஒவ்வொரு நேர்காணலிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த முகவர்களின் நடைமுறை எனக்கு நன்றாகத் தெரியும். பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியறை, சுவரில் கறுப்பு அங்கி போட்டவர்களின் படங்கள், மேசையில் தங்க எழுத்தில் பைண்டிங் செய்த நாலைந்து ஆய்வேடுகள். 'தகுதி பார்க்கணும்' என்று உங்கள் அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். அதுதான் கண்ணி. அசல் அவர்கள் கைக்குப் போய்விட்டால், அப்புறம் கேட்கிற தொகையைக் கொடுத்துத்தான் மீட்க முடியும். ஆய்வேட்டையும் அவர்களே எழுதித் தருவார்கள். வாய்மொழித் தேர்வில் உங்கள் ஆய்வின் கருதுகோள் என்ன என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சரி, அந்த 9 ஆண்டு அனுபவத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே முக்கியமானது அதுதான்.

இணைப் பேராசிரியர் பதவிக்கு மானியக் குழுவின் 2018 விதிமுறை கேட்பவை: பி.எச்டி., முதுகலையில் 55 சதவீதம், உதவிப் பேராசிரியராக 8 ஆண்டுகள், 7 ஆய்வுக் கட்டுரைகள், அதோடு ஆராய்ச்சி மதிப்பெண் என்று ஒரு கணக்கு. உங்களுக்கு 9 ஆண்டு இருக்கிறது, போதும் என்றுதான் தோன்றும். ஆனால் எந்த 9 ஆண்டு என்று கேட்பார்கள். முன்பு பார்த்த வேலையைக் கணக்கில் சேர்க்கத் தனி விதி இருக்கிறது. தனியார் கல்லூரி என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதவியில் இருந்தபோது உங்களுக்கு மானியக் குழு சொன்ன தகுதி இருந்திருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு அந்தத் தகுதி நெட், செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பி.எச்டி. உங்களிடம் மூன்றும் இல்லை. ஆகவே பல்கலைக்கழக வேலைக்கு உங்கள் 9 ஆண்டும் எண்ணிக்கையில் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். முகவர் இதைச் சொல்ல மாட்டார்.

தற்காலிகமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். தற்காலிக வேலையும் கணக்கில் வரும், ஆனால் மேலே சொன்ன தகுதியோடு, முறையாக அமைத்த தேர்வுக்குழு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விதிவிலக்கு பொருந்தாது.

சம்பள நிபந்தனையைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எத்தனையோ தனியார் கல்லூரிகளில் பதிவேட்டில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் ஏறும், ஆசிரியரின் ஏ.டி.எம். கார்டு நிர்வாகத்திடம் இருக்கும், மறுநாளே பாதிக்கு மேல் எடுத்துவிடுவார்கள். கல்லூரியைச் சோதிக்கக் குழு வரும் நாளில் மட்டும் எங்கிருந்தோ நாலு பேர் வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். விதியை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஏமாற்றியது நிர்வாகம், ஆண்டுகளை இழப்பது ஆசிரியர். இதைத் தட்டிக்கேட்க எந்த அலுவலகமும் முன்வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

இந்த வாரமே உங்கள் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். நியமன ஆணை இருக்கிறதா? அதில் தேர்வுக்குழு நடந்த தேதி இருக்கிறதா? சம்பளம் வங்கி வழியாக வந்ததா? இல்லாததை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரை வேறு கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் போட யார் கேட்டாலும் கையெழுத்து போடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அடுத்து நெட். கல்வியியல் பாடத்தில் ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் வயது வரம்பு, உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் கிடையாது. தேறினால் உங்கள் கடிகாரம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும். அந்த மதிப்பெண்ணையே பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். யார் தயவும் வேண்டாம்.

பி.எச்டி.யைக் கணிதத்தில் அல்லாமல் கல்வியியலில் செய்யுங்கள். நீங்கள் போக விரும்புவது கல்வியியல் துறைக்குத்தானே. வேலையை விடவும் வேண்டாம். பகுதிநேரமாகச் சேரலாம், அதற்கு நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறை, ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், சைதாப்பேட்டையிலும் கடற்கரைச் சாலையிலும் உள்ள அரசு கல்வியியல் நிறுவனங்கள் எல்லாம் நீங்கள் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான். ஆய்வை வழிநடத்தும் நெறியாளரை நேரில் பாருங்கள். ஓர் உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் 4 பேருக்கு மேல் நெறியாளராக இருக்க முடியாது, இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8. இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள்.

தலைமைப் பதவிக்கு என்று தனியாகப் பெரும்பாலும் விண்ணப்பம் கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கல்வியியல் புலத் தலைவர் (டீன்) பதவி பேராசிரியர்களிடையே 3 ஆண்டு சுழற்சியில் வரும். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் பேராசிரியராக இருப்பவர்தான் துறையை நடத்துவார். பேராசிரியர் ஆக 10 ஆண்டு அனுபவமும் 10 கட்டுரைகளும் வேண்டும். இன்று நெட் எழுதி, 42க்குள் முறையான பணியில் சேர்ந்தால், 50களில் அங்கே போய்ச் சேரலாம். ஆனால் நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் காலியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகின்றன. அதனால் எந்த ஆண்டு விளம்பரம் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் இன்னொரு வாசலையும் திறந்து வையுங்கள். பி.எட். கல்லூரி முதல்வர் பதவிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிகள் கேட்பது 55 சதவீதத்தோடு முதுகலையும் எம்.எட்.டும், பி.எச்டி., ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் 8 ஆண்டு கற்பித்த அனுபவம். நெட் கேட்கவில்லை. உங்கள் 9 ஆண்டுக்கு அங்கே மதிப்பு உண்டு, நியமன ஆணையும் சம்பளச் சான்றும் கையில் இருந்தால்.